காப்பு அறுக்கிற வரைக்கும்

பங்குனி பிறந்தால் முதல் செவ்வாய் எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரைப் பார்க்காமல் உங்களால் இருக்க முடிகிறதா? என்னால் முடியவில்லை. பேரன் பேத்தி எடுத்த வயதில் இவளுக்கு இன்னும் பக்தி குறையவில்லை என்று என் மகள் நினைக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். என் வயதுக்காரர்களாகிய உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகளைக் கண்டாலே பயம். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பயம் போகவில்லை.

எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம். கரிசல் காடு, ஒரு கண்மாய், ஊருக்கு வெளியே ஒரு ஊருணி, நாளைக்கு இரண்டு தடவை வரும் பஸ். மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பது பங்குனியில். பருத்தி எடுத்து முடித்திருப்பார்கள், கையில் கொஞ்சம் ஓய்வு இருக்கும். கணக்கு இதுதான். முதல் செவ்வாய் சாட்டு, அதாவது கொட்டடித்து ஊருக்கு அறிவிப்பது. இரண்டாம் செவ்வாய் காப்புக் கட்டு. மூன்றாம் செவ்வாய் பொங்கல், மறுநாள் அக்கினிச்சட்டி, வியாழக்கிழமை மஞ்சள் நீர். அன்று முளைப்பாரியை ஊருணியில் கரைத்துவிட்டுக் காப்பை அறுத்தால் திருவிழா முடிந்தது.

காப்பு என்பது மஞ்சள் கயிறுதான். ஆனால் அது மணிக்கட்டில் ஏறிவிட்டால் ஆளே வேறு. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்ப வேண்டும். வெளியூரில் ராத் தங்கக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, துட்டி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. சாவுச் செய்தி காதில் விழுந்தாலே தீட்டு, நேர்ந்த நேர்ச்சை அத்தனையும் வீண். இதெல்லாம் உங்கள் ஊரிலும் உண்டு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வருஷம் எல்லாம் இந்தக் கயிற்றில்தான் மாட்டிக்கொண்டது.

எனக்கு அப்போது பத்து வயது. அதற்கு முந்தைய கோடையில் எனக்கு அம்மை போட்டிருந்தது. இடது கண்ணில் ஒரு முத்து இறங்கிக் கண் மூடிக்கொண்டது. பதினோரு நாள் திறக்கவே இல்லை. அம்மா வேப்பிலை மேல் என்னைக் கிடத்திவிட்டு, “ஆத்தா, எம் மக கண்ணக் குடுத்துரு. வார பங்குனிக்குத் தீச்சட்டி எடுக்கேன், வெள்ளியில கண்ணு செஞ்சு போடுதேன்” என்று வேண்டிக்கொண்டாள். கண் திறந்தது. கருவிழி ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

அம்மாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு, என் சித்தி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவளை வளர்த்தாள். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வரும்போது அம்மா இடுப்பில் சித்தியோடுதான் வந்தாளாம். யாராவது கேட்டால், “எம் மூத்த மக” என்பாள். சித்திக்கும் எனக்கும் சண்டைக்குக் குறைவே இல்லை. புளியங்காய் பறித்து உப்பு மிளகாய் வைத்து இடித்து, எனக்குக் கொஞ்சம் நக்கக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தானே தின்பாள். பஸ் ஹாரன் மாதிரி அப்படியே சத்தம் போடுவாள். அதை நம்பி ஓடி ஏமாந்த பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். அவளைப் பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வருஷம் முழுகாமல் இருந்தாள், தலைப்பிள்ளை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வந்திருக்க வேண்டும். ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, அம்மை போட்டு இறங்கிய வீடு, தலைப்பிள்ளைக்காரிக்கு ஆகாது என்று அவள் மாமியார் அனுப்பவில்லை.

அம்மா விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள். “மூணாஞ் செவ்வா பொங்கல். வியாழக்கெழம காப்பு அறுத்துருவாக. வெள்ளிக்கெழம மொத பஸ்ஸுக்கு நான் அவ வீட்டுல நிப்பேன். அவளுக்கு அதுக்கப்புறந்தான் நாளு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாண ஜவுளி எடுத்த கடையில் கொடுத்த மஞ்சள் பை ஒன்று ஆணியில் தொங்கும். பிள்ளைக்கு விரிக்க, துடைக்க என்று பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்து, துவைத்து, ஓரம் அடித்து அதில் போட்டு வைத்தாள். சுக்கு, பெருங்காயம், பிள்ளை கையில் போட வசம்பு வளையல். வீடு முழுக்க அந்த வசம்பு வாசம்தான்.

கணக்கை ஆத்தாவே கலைத்தாளா, ஊர் கலைத்ததா தெரியவில்லை. சாட்டிய மறுநாளே கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஊரே தீட்டு என்று சொல்லித் திருவிழாவை ஒரு வாரம் தள்ளினார்கள். மறுபடி செவ்வாய்க்கிழமை சாட்டு, மறுபடி எல்லாம் எட்டு நாள் தள்ளி. கோயில் காரியத்தை நடத்திய மூன்று பேரில் ஒருவர் என் பெரியப்பா, எங்கள் அய்யாவுக்கு அண்ணன்.

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். “எனக்கு மட்டும் காப்பு வேண்டாம் மாமா. தீச்சட்டிய அடுத்த வருசம் எடுத்துக்கிருதேன். அவளுக்கு யாரு இருக்கா?”

“நேந்தது கண்ணுக்கு. தள்ளிப் போடுறதுக்கு இது என்ன வீட்டு வரியா? ஒரு வாரந்தானே தாயி, பொறுத்துக்க” என்றார் பெரியப்பா.

காப்புக் கட்டுவதற்கு முந்தைய நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பாலவனத்தம் போய் வந்தாள். சித்தியின் கால் வீங்கி, கொலுசு கழற்றி வைத்திருந்தது. முகம் மட்டும் அதே குறும்பு. “நீ வந்துருவேல்லக்கா?” என்றாள். “காப்பு அறுத்த மறுநா வந்துருவேன். அதுவரைக்கும் ஒம் புள்ளைய உள்ளேயே இருக்கச் சொல்லு” என்று அம்மா சிரித்தாள். சித்தி வயிற்றைப் பார்த்து, “ஏலே, கேட்டுக்கிட்டயால? பெரியம்மா வந்த பெறகுதான் வரணும்” என்றாள். நாங்கள் பஸ் ஏறுகிற வரைக்கும் வாசலில் நின்று ஹாரன் அடித்துக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். சனிக்கிழமை காலையில் நான் குடத்தோடு ஊருணிக்குப் போனேன்.

ஊர் எல்லையில் இரண்டு கம்பு நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், ஊருணிக் கரையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. சித்தப்பாவின் பங்காளி, கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். என்னைத் தெரிந்துகொண்டார்.

“பாப்பா, ஒங்க அய்யாவக் கூட்டிட்டு வா. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத.”

“ஊருக்குள்ள வாங்க” என்றேன்.

“காப்புக் கட்டுன ஊரு. நான் வரக் கூடாது” என்றார்.

பத்து வயதுக்கு அது போதாதா? காப்புக் கட்டிய ஊருக்குள் வரக் கூடாத ஆள் யார் என்று எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அய்யாவும் பெரியப்பாவும் வந்தார்கள். நான் போகாமல் அவர்கள் பின்னாலேயே நின்றேன்.

“நேத்துப் பொழுது சாய வலி எடுத்துச்சு. விடியக்காலம் முடிஞ்சுபோச்சு. புள்ளையும் தங்கல” என்றார் அவர்.

அய்யா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“மதியத்துக்குள்ள எடுத்துருவாக. பொறந்த வீட்டுக் கோடி வரணும்ல?” என்றார் வந்தவர். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை போக வேண்டும். அந்தக் கோடி மேலே விழாமல் எடுத்தால் அவள் அநாதை என்று பெயர்.

“தங்கச்சி மொகத்தையாச்சும் அவ பாக்கட்டும்ணே” என்றார் அய்யா.

பெரியப்பா ஊர் எல்லைத் தோரணத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “காதுல விழுந்தாத்தான்டா தீட்டு. விழாத வரைக்கும் அவ சுத்தம். போனவ போயிட்டா. இருக்குற புள்ள கண்ணு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அஞ்சு நாளு. காப்பு அறுத்ததும் நானே சொல்லுதேன்” என்றார். வந்தவரிடம், “கோடிய நீங்களே எடுத்துப் போட்டுருங்க. எங்க பேரச் சொல்லிப் போட்டுருங்க” என்றார்.

“அது எப்படிங்க எங்க கையால…” என்று இழுத்தவர், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

அப்போதுதான் பெரியப்பா என்னைப் பார்த்தார். “இந்தக் கழுத இங்கேயா நிக்கிது?” என்றவர், என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இடது கண்ணை உற்றுப் பார்த்தார். “காப்பு அறுக்கிற வரைக்கும் ஒங்கம்மாகிட்ட வாயத் தொறந்த, ஆத்தா குடுத்த கண்ணத் திரும்ப எடுத்துக்கிருவா. ரெண்டையும் எடுத்துக்கிருவா. வெளங்குதா?”

நான் தலையாட்டினேன். தீட்டுப் போக மூன்று பேரும் ஊருணியில் மூன்று முங்கு முங்கினோம். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தேன்.

“ஏண்டி தல நனஞ்சிருக்கு?”

“வேர்த்துச்சும்மா, முங்கிட்டேன்.”

“நல்ல புள்ள போ” என்று அம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். அந்நேரம் பாலவனத்தத்தில் சித்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. துவட்டுகிற கையில் மஞ்சள் கயிறு கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? சாயங்காலமானால் முளைப்பாரி வீட்டு முற்றத்தில் கும்மி. இருட்டறையில் வெளிச்சம் படாமல் வளர்ந்த பயிர் வெளுத்து மஞ்சளாக இருக்கும். அதன் பச்சை வாசம் கதவிடுக்கு வழியாக வரும். அம்மாவுக்கு நல்ல குரல். அந்த வருஷம் அம்மா எடுத்துப் பாடத்தான் மற்றவர்கள் பாடினார்கள். அய்யா தோட்டத்திலேயே கிடந்தார். “என்ன ஒங்க அய்யா மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?” என்று அம்மா என்னிடம்தான் கேட்டாள். வெயில்தான் காரணம் என்றேன். அந்தப் பத்து வயதில் பொய் எவ்வளவு சரளமாக வந்தது!

ஞாயிற்றுக்கிழமை பையில் இன்னும் இரண்டு துணியை மடித்து வைத்துக்கொண்டே, “சித்திக்கு ஆணா பொண்ணா? சொல்லு, ஒன் வாக்கு பலிக்கும்” என்றாள்.

“பொண்ணு” என்றேன்.

அம்மா என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அம்மா அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அம்மா, சித்தி…” என்று ஆரம்பித்தேன். இடது கண் சுரீரென்று எரிந்தது. மஞ்சள் கையால் கண்ணைக் கசக்கியிருப்பேன், இன்று தெரிகிறது. அன்று ஆத்தாவின் விரல்தான் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“என்னடி சித்திக்கு?”

“சித்தி வசம்பு வளையல் கேட்டுச்சு, எடுத்து வச்சிட்டயா?”

“அதெல்லாம் மொதல்லயே வச்சாச்சு” என்று அம்மா சிரித்துக்கொண்டே அரைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பொங்கல் பொங்கியது. புதன்கிழமை அம்மா தீச்சட்டி எடுத்தாள். மஞ்சள் சேலை, கழுத்தில் வேப்பிலை மாலை, இரண்டு கையிலும் நெருப்பு. கொட்டுக்கு ஆடி ஆடி ஊரைச் சுற்றி வந்தாள். வெள்ளிக் கண்ணை ஆத்தா காலடியில் வைத்துவிட்டு, சட்டிச் சாம்பலை எடுத்து என் கண்ணில் பூசி, “எம் மக கண்ணக் குடுத்துட்டாடா எங்க ஆத்தா!” என்று கத்தினாள். என் அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. நான் ஏங்கி ஏங்கி அழுதேன். பிள்ளைக்கு அருள் வந்துவிட்டது என்று கும்பிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் காப்பு அறுத்தார்கள். பெரியப்பா சொல்லவில்லை. அய்யாவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் அம்மா குளித்து, தலை முடிந்து, மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் வாரேன். புள்ளைகளப் பாத்துக்கங்க” என்றாள். அய்யா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் அழுவதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் புரிந்தது.

“எப்ப?”

“போன சனிக்கெழம.”

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “கோடி போட்டாகளா?” என்று மட்டும் கேட்டாள். அய்யா தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு சேலைக்குக்கூட ஆளில்லாமப் போயிட்டாளா எம் புள்ள?” என்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். சனிக்கிழமையும் ஈரத் தலையும் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

“ஒனக்குத் தெரியுமா?”

காப்பு அறுத்தாகிவிட்டது. ஆத்தாவுக்கு இனி என் கண் மேல் பாத்தியதை இல்லை. சொல்லியிருக்கலாம்.

“தெரியாதும்மா” என்றேன்.

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு அவள் காப்புக் கட்டவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் காப்புக் கட்டும் செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரு சொந்தக்காரர் வீட்டில் ராத் தங்கிவிட்டு மறுநாள் வருவாள். கூடாது என்றதை வேண்டுமென்றே செய்தாள். ஊர் திமிர் என்றது. பெரியப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அய்யா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கண்ணுக்குப் பயந்தார்கள். பயந்தவர்கள் எதைத்தான் செய்ய மாட்டார்கள்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அந்த டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், இடது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுல அம்மை போட்டுச்சாம்மா?” என்றது. பார்வை போயிருக்குமா என்று கேட்டேன். “போற மாதிரி இல்லையே. தழும்பு ஓரத்துலதான் இருக்கு, பார்வைகிட்டயே வரல. அது அப்பவே ஆறிப்போயிருக்கும்” என்று சிரித்தது. நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம்.

அம்மா இப்போது அருப்புக்கோட்டையில் என்னோடுதான் இருக்கிறாள். தொண்ணூறை நெருங்குகிறாள். ஞாபகம் இருக்கிறது, ஆனால் எது எந்த வருஷம் என்பது குழம்பிவிட்டது. பங்குனியில் டவுனில் கொட்டுச் சத்தம் கேட்டதும், “காப்பு எப்ப அறுப்பாக? தங்கச்சிக்கு இந்த வாரந்தான் நாளு” என்று ஆரம்பித்துவிடுவாள். மூன்று வருஷமாக இப்படித்தான். “சித்தி நல்லாருக்கும்மா” என்று நானும் மூன்று வருஷமாகச் சொல்லி வந்தேன். அப்படியே சொல்லுங்கள், வயதானவளை ஏன் வருத்த வேண்டும் என்றுதான் என் மகளும் சொன்னாள். மறுபடியும் இருப்பவர்களின் நல்லதுக்கு என்ற அதே காரணம், பாருங்கள்.

இந்த வருஷம் கேட்டபோது அவள் காலடியில் உட்கார்ந்தேன். “சித்தி செத்துப்போச்சும்மா. எனக்கு அன்னைக்கே தெரியும். ஊருணியில வச்சுச் சொன்னாக. நான் ஒங்கிட்டச் சொல்லல” என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

“காப்பு எங்க?”

“நான் அறுத்துட்டேம்மா.”

“நல்ல வேல பண்ணுன” என்று கையை ஊன்றி எழுந்தாள். “எடுக்கிறதுக்குள்ள போயிரணும். கோடி எடுக்கணும்டி. மஞ்சப் பைய எடு.”

மகள் வேண்டாம் என்று தடுத்தாள். நான் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கடைவீதியில் நிறுத்தினேன். அருப்புக்கோட்டைத் தறிச்சேலை ஒன்று, அரக்கு நிறத்தில், அம்மா கையாலேயே தடவிப் பார்த்து எடுத்தாள். பாலவனத்தத்தில் சித்தி வீடு இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் கடை. அதைத் தாண்டிச் சுடுகாட்டுப் பொட்டலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. எந்த இடமென்று எனக்கு மட்டும் என்ன தெரியும்?

“இங்கதானா?” என்றாள்.

“இங்கதாம்மா.”

அம்மா குனிய முடியாமல் குனிந்து, சேலையைப் பிரித்துத் தரையில் விரித்தாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரங்களை இழுத்து விட்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அம்மா தன் தங்கச்சிக்கு அழுததை நான் அன்றுதான் கேட்டேன். எனக்கும் அடக்க முடியவில்லை. நடுவெயிலில், ஆட்டோக்காரத் தம்பி பார்த்துக்கொண்டிருக்க, கிழவிகள் இரண்டு பேரும் அழுதோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா நிறுத்திவிட்டாள். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இடது கண்ணை உற்றுப் பார்த்தாள். முந்தானையை எடுத்து மெல்ல ஒற்றினாள்.

“அழுகாத தாயி” என்றாள். “கண்ணுக்கு ஆகாது.”